குத்தூசி படாத சுவர்

விருதுநகர் பஜாரில் ஒரு மூட்டை மல்லி கைமாறுவதைப் பார்த்தவர்களுக்குக் குத்தூசியைத் தெரியும். முனை கூராக, உடல் வாய்க்கால்போலக் குழிந்து இருக்கும் சிறு இரும்பு. சாக்கைப் பிரிக்காமல் பக்கவாட்டில் குத்தி இழுத்தால், மூட்டையின் வயிற்றிலிருந்து ஒரு பிடி சரக்கு உள்ளங்கையில் வந்து விழும். மேல்வாயில் பரப்பியிருக்கும் நல்ல சரக்கை நம்பி இங்கே யாரும் விலை பேசுவதில்லை. நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, முகர்ந்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை. வாரந்தோறும் பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று வரும் விலைகளுக்குப் பின்னால் இந்தச் சிறு இரும்பு இருக்கிறது. அதே பஜாரை ஒட்டிய தெருவில் ஒரு பழைய மாடி வீடு கைமாறும்போது சுவரில் ஓர் ஊசிகூட இறங்குவதில்லை. மூலப்பத்திரம் பார்க்கிறார்கள், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வாரிசுச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குகிறார்கள். மச்சைத் தாங்கி நிற்கும் உத்திரத்தின் முனை சுவருக்குள் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஒரு கிலோ துவரையில் எத்தனை சொத்தை இருக்கும் என்று கைப்பிடியிலேயே கணக்குச் சொல்லும் ஊருக்குக் கவனம் குறைவாக இருக்க வழியில்லை. நாம் எந்தக் கேள்விக்குப் பதில் தரும் அலுவலகம் இருக்கிறதோ அந்தக் கேள்வியை மட்டும் கேட்கப் பழகியிருக்கிறோம். நிலத்துக்குப் பதிவேடு இருந்தது, உரிமைக்குப் பதிவேடு இருந்தது, கட்டடத்துக்கு இல்லை. கட்டடத்தைப் பற்றிய அறிவு தெருவில் இருந்தது. அந்தத் தெரு கலைந்த பிறகு அந்த அறிவைச் சுமக்க வேறெதையும் நாம் உண்டாக்கவில்லை.

விருதுபட்டி என்ற பெயரில் இருந்த காலத்தில் இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவின் சாத்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதற்குள் போனது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1870-களின் நடுவில் ரயில் பாதை விழுந்ததும், கரிசல் காட்டுச் சரக்குக்கு இது கூடுமிடமாக உறுதிப்பட்டது. தெற்கிலிருந்து வந்து குடியேறிய நாடார் வணிகர்கள் முதலில் கட்டியவை மதில் சூழ்ந்த பேட்டைகள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுந்த சுவர்கள் அவை. விற்ற சரக்கின்மேல் மகமை என்று சிறு தொகை பிடித்து, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் பொதுக் காரியங்களையும் நடத்தினார்கள். நாடார்களின் வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளிவந்த தம் நூலில் இந்த ஏற்பாடுகளை விரிவாக எழுதியிருக்கிறார். 1915-ல் நகராட்சி வந்தது, 1923-ல் விருதுநகர் என்ற பெயர் வந்தது. சரக்கைக் காக்கச் சுவர் எழுப்பித் தொடங்கிய ஊர் இது என்பதை மறக்கக் கூடாது. சுவரின் அருமை இங்கே யாரும் சொல்லித் தர வேண்டியதாக இருந்ததில்லை.

பெயர் மாறிய அதே 1923-ல்தான் சென்னை மாகாணத்தின் நில அளவை, எல்லைகள் சட்டமும் வந்தது. அது நீண்ட கதையின் நடுப்பகுதி. அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் யோசனையில் 1794-ல் எட்டு மாணவர்களோடு சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. கிண்டிப் பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. 1802-ல் அளவையாளர் லாம்டன் பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளந்து இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பணியைத் தொடங்கினார். ஆக, சர்வே என்ற சொல் மற்ற பல பகுதிகளுக்குப் போகும் முன்பே நம்மிடம் வந்துவிட்டது. வந்த வேலை நிலத்தை அளப்பது, அளந்து வரி போடுவது. அதனால் தமிழில் சர்வே என்றால் சங்கிலி, கல், எண், புலப்படம். இங்கிலாந்தில் 1868-ல் தொடங்கிய சர்வேயர்கள் சங்கத்தின் வழிவந்தவர்கள் வீட்டின் ஓட்டையும் உத்திரத்தையும் ஈரத்தையும் பார்த்து அறிக்கை எழுதுவதைத் தொழிலாகவே வளர்த்தார்கள். நம் சர்வேயர் வீட்டு வாசலுக்கு வந்தாலும் அளவு நாடாவைச் சுவருக்கு வெளியேதான் பிடிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். அந்த அளவையிலும் வீடு கடைசியில்தான் வந்தது. விளைச்சல் தரும் நிலம் புலம் புலமாக அளக்கப்பட்டபோது, ஊர்க் குடியிருப்பு நத்தம் என்ற பெயரில் வரியில்லாமல் ஒரே துண்டாக விடப்பட்டது. நத்தத்துக்குள் ஒவ்வொரு மனையையும் தனித்தனியாக அளந்து பட்டா கொடுக்கும் வேலை 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பெரிய அளவில் நடந்தது.

பத்திரத்தின் கதையும் இதற்கு ஒத்தாசையாகவே போயிற்று. 1864-ல் வந்த பதிவுச் சட்டமும் அதன் வழியில் வந்த 1908-ஆம் ஆண்டுச் சட்டமும் அசையாச் சொத்து விற்பனையை அரசின் புத்தகத்துக்குள் கொண்டுவந்தன. புத்தகம் இருந்ததால் அட்டவணை இருந்தது, அட்டவணை இருந்ததால் வில்லங்கச் சான்று பிறந்தது. அடமானம், பாகப்பிரிவினை, ஒத்தி எல்லாவற்றையும் ஒரு விண்ணப்பத்தில் கேட்டு வாங்கலாம் என்றானதும், வில்லங்கம் என்ற சொல்லே காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. கிரயப் பத்திரத்தில் சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் மனத்தில் கோர்ட்டும் கடனும் பங்காளியும்தான் இருக்கிறார்கள், செல் அரித்த நிலை இல்லை. பழைய பத்திரங்களின் தபசிலைப் படித்தால் இது இன்னும் உறைக்கும். நான்கெல்லை, நீள அகலம், கதவு, நிலை, கிணறு, நடைபாதை, நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று பூமிக்குள் புதையல் இருந்தால் அது யாருக்கு என்பது வரை எழுதியிருக்கும். எத்தனை கதவு என்று எழுதியவர்கள் கதவு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதவில்லை.

இதற்குச் சட்டத்தின்மேல் பழி போட முடியாது என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் செய்தி. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் விற்பவரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. முதல் கடமையே இதுதான்: சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை தமக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதை அவர் வெளிப்படுத்த வேண்டும். சொத்து என்ற சொல் முன்னால் நிற்கிறது, உரிமை அதற்குப் பின்னால்தான் வருகிறது. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்த வரை பதில் சொல்லவும் அவர் கடமைப்பட்டவர். சொல்ல வேண்டிய குறையைச் சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிவில் சொல்கிறது. சாதாரணக் கவனம் என்ற அளவுகோல் வாங்குபவர்மேலும் பொறுப்பை வைக்கிறது: கண்ணுக்குத் தெரியும் விரிசலைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு தெளிவான வாய்ப்பு நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நாம் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். உரிமையைப் பற்றிக் கேட்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, சொத்தின் உடலைப் பற்றிக் கேட்க ஜன்னல் இல்லை.

ஜன்னல் இல்லாமலேயே வெகுகாலம் சமாளித்தார்கள் என்பதும் உண்மை. வீடு பெரும்பாலும் பங்காளிக்கோ சம்பந்திக்கோ அதே தெருக்காரருக்கோதான் போனது. பங்காளியைத் தாண்டி வெளியாளுக்கு விற்பது குறைச்சல் என்ற எண்ணம் எவ்வளவு வலுவானது என்பதற்கு, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உடன் வாரிசுகளுக்கு முதல் வாங்குரிமை கொடுத்திருப்பதே சாட்சி. அப்படி வாங்கியவருக்கு அந்த வீட்டின் வரலாறு தெரியும். எந்த வருஷத்துப் பெருமழையில் பின்கட்டு இறங்கியது, எந்தக் கொத்தனார் கை வைத்தார், மூத்த மகன் கல்யாணத்துக்கு அவசரமாக எழுப்பிய மேல்மாடிக்கு அடியில் சுவர் போதுமா, இதெல்லாம் திண்ணைப் பேச்சு. விற்றவரும் அதே தெருவில், அதே உறவின்முறைக்குள் தொடர்ந்து முகம் கொடுக்க வேண்டியவர். எழுதப்படாத அந்தப் பதிவேட்டில் பொய் சொல்வது கஷ்டம். இன்று விற்பவர் சென்னையிலிருந்து காலையில் ரயிலில் வந்து, பத்திரம் முடித்து, மாலையில் திரும்பிவிடுகிறார். வாங்குபவர் சாத்தூரிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ வந்தவர். திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் போட்ட கடை இருக்கிறது. யாரிடம் கேட்பது?

கேட்க வேண்டியவை அநேகம். பழைய பஜார் வீட்டின் மச்சு, தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்த்து நெருக்கி நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை இடித்து, தட்டோடு பதித்தது. மெட்ராஸ் டெரஸ் என்று இதற்குப் பெயர். இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென ஐ.எஸ். 2119 என்ற விதிநூலே வைத்திருக்கிறது. நூறு வருஷம் தாண்டி நிற்கக்கூடிய வேலை. ஆனால் அது சாகத் தொடங்கும் இடம் கண்ணில் படாது. தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் உத்திரத்தின் நடுவைத் தொடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் தங்கும். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் மெருகு குறையாத பர்மாத் தேக்கு தெரியும். முனையை ஒட்டிக் காரையைக் கொஞ்சம் பெயர்த்து ஒரு திருப்புளியை அழுத்தினால், நல்ல மரம் தள்ளும், கெட்ட மரம் வெண்ணெய்போல வாங்கிக்கொள்ளும். அது அரை நிமிஷ வேலை. இதைவிட மறைவானது சிமெண்ட் செய்யும் கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளக்கும் பெயிண்ட் அடித்து, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டினால் ஓதம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். விற்பனைக்கு முன் புதுப்பிக்கப்பட்ட வீட்டில் டைல்ஸ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பிடிப்புள்ள பூச்சு கல்லைத் தட்டியதுபோல ஒலிக்கும், விட்டுப்போன பூச்சு காலி டப்பாவைப்போல ஒலிக்கும்.

அடியில் கரிசல். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் மண். இந்த மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே மண் வருஷத்துக்கு ஒருமுறை மூச்சை இழுத்து விடுகிறது, வீடும் அதோடு அசைகிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறும் விரிசல் அஸ்திவாரம் பேசும் பேச்சு. கூரைக்குக் கீழே படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் விரியும் தளத்தின் வேலை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்குப் பல லட்சம் செலவாகும், மற்றதற்குச் சில ஆயிரத்தில் முடியலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அரசே கட்டடத்தைப் பார்க்கிறதே என்பது முதல் மறுப்பு. பார்க்கிறது. பத்திரத்தோடு கட்டடத்தின் பரப்பு, வயது, கூரை வகை, தரை வகை எல்லாம் எழுதிய படிவம் போகிறது, பதிவுத்துறையினர் இடத்தைப் பார்வையிடவும் வருகிறார்கள். ஆனால் 1967-ல் சென்னை மாநிலம் முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்த நாளிலிருந்து அந்தப் பார்வையின் நோக்கம் குறைத்து மதிப்பிடுவதைத் தடுப்பது. தேக்கு உத்திரம் என்று எழுதினால் மதிப்பு கூடும். அதன் முனை உளுத்துவிட்டதா என்பது படிவத்தில் இல்லாத கேள்வி. வங்கி அனுப்பும் பொறியாளர் பார்க்கிறாரே என்பது இரண்டாவது. அவர் எழுதும் அறிக்கை வங்கிக்கு. கொடுக்கும் கடனுக்கு ஈடு போதுமா என்பதே அவருக்குக் கேள்வி. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள மனையின் விலைக்கு, சுவர் இடிந்தே கிடந்தாலும் கொடுத்த கடன் பத்திரமாகத்தான் இருக்கும். இந்தக் குழப்பத்தை இங்கிலாந்தும் பட்டுத்தான் தெளிந்தது. கடன் கொடுப்பவருக்காக வீட்டைப் பார்த்த சர்வேயர், புகைபோக்கியின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்டு மேல் செங்கற்கள் தாங்கலில்லாமல் நிற்பதைக் கவனிக்கவில்லை. பெரிய பழுது எதுவும் இல்லை என்ற அறிக்கையை நம்பி ஒரு பெண் அந்த வீட்டை வாங்கினார். ஒன்றரை வருஷத்தில் செங்கற்கள் கூரைவழியாக உள்ளே விழுந்தன. வாங்குபவரிடமும் சர்வேயருக்குப் பொறுப்பு உண்டு என்று 1989-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது: 2008 டிசம்பர் முதல், பெரும்பாலான வீடுகளில், விற்பவரே சர்வேயரின் நிலை அறிக்கையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர முடியும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: பஜாரில் பழைய வீடு வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கட்டத்தானே வாங்குகிறார், இடிக்கப்போகும் சுவருக்கு எதற்கு வைத்தியம்? பலர் விஷயத்தில் இது உண்மை, மனையின் விலைக்கு முன்னால் கட்டடம் ஒன்றுமில்லை என்று கணக்கும் சொல்லும். ஆனால் இந்தத் தெருக்களில் தனிச்சுவர் எத்தனை? வீடும் வீடும் தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரே பொதுச்சுவரில் இந்தப் பக்கத்து உத்திரமும் அந்தப் பக்கத்து உத்திரமும் எதிரெதிராக முனை பதித்திருக்கும். ஒரு பக்கத்தை இடித்துக் கரிசலில் ஆழமாகத் தோண்டினால், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும் கூரை அசையும். அப்போது வருவது கோர்ட்டு நோட்டீஸ். அதைவிட மோசமானதும் வரலாம். இடிப்பவருக்கே பார்வை அதிகம் தேவை. உத்திரமும் நிலைக்கதவும் பர்மாத் தேக்கா, நாட்டு மரமா, பனங்கையா என்று தெரியாமல் இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டுவிட்டு, அவர் அந்த மரத்தை விற்றுச் சம்பாதிப்பதை வேடிக்கை பார்ப்பதும் நஷ்டம்தானே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அஸ்திவாரம் அசையவில்லை, நாலு உத்திரம் மாற்றினால் போதும் என்று எழுத்தில் ஒருவர் சொல்லியிருந்தால், இடிக்காமல் விடப்பட்டிருக்கக்கூடிய வீடுகள் இந்த ஊரில் இருந்திருக்கும். பார்க்கத் தெரியாத பயமே பல நல்ல சுவர்களை இடித்துவிடுகிறது.

நாங்கள் கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டித்தானே வாங்குகிறோம் என்பாரும் உண்டு. தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்து வளர்ந்த கொத்தனாரின் கண்ணை நான் எந்தப் பட்டத்துக்கும் குறைத்து மதிக்கமாட்டேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரைவிடச் சிறந்த மருத்துவர் இல்லை. ஆனால் அவர் வாயால் சொல்கிறார், எழுதித் தருவதில்லை. நாளைக்கு 55-ஆம் பிரிவின்கீழ் ஒரு வழக்கு வந்தால், எந்தக் குறை வெளியே தெரிந்தது, எது தெரிய வழியில்லாமல் இருந்தது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. பழுது பார்க்கும் வேலை தமக்கே வரும் என்றால் பழுதைப் பெரிதாக்கிச் சொல்லவும் ஆசை வரும். கொத்தனாரும் ஆசாரியும் கூட நிற்க, வாங்குபவர் கொடுத்த கூலிக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரு கட்டுமானப் பொறியாளர் எழுதிக் கையெழுத்திட்ட நாலு பக்கம் என்பதுதான் நான் கேட்பது. அதன் செலவு, முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் நாம் கொடுப்பதன் முன்னால் மிகச் சிறியது.

விருதுநகரிலிருந்து சாத்தூர் ரோட்டில் தெற்கே போனால் சூலக்கரை. ஆட்சியர் அலுவலகமும் அதைச் சுற்றிய வளர்ச்சியும் ஊரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டன. பஜார் வீட்டின் பங்கை விற்ற காசு அங்கே மனையாகவும் பத்துப் பதினைந்து வருஷ வீடாகவும் மாறுகிறது. புது வீட்டுக்கு என்ன சோதனை என்று தோன்றும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷம் பொறுப்பு வைத்திருப்பது, அந்தச் சட்டத்துக்குள் வரும் திட்டங்களை விற்கும் நிறுவனங்களின் மேல்தான். தனியார் ஒருவர் தமக்கென்று கட்டி, பிறகு விற்கும் வீட்டுக்கு மறுபடியும் 1882-தான். பஜார் வீட்டின் அஸ்திவாரம் பல கரிசல் வருஷங்களைப் பார்த்துவிட்டது. விழ வேண்டியது விழுந்திருக்கும். சூலக்கரைப் பக்கத்து வீடு இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. கரிசலுக்கென்றே ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில், அடியில் குமிழ்போல விரிந்த தூண்களை உருவாக்கியது. ஈரம் மாறாத ஆழத்துக்கு, மூன்றரை மீட்டர் அளவில், இறக்கப்படுபவை. அந்த வீட்டுக்கு அப்படிக் கால் போட்டார்களா, மூன்றடி வானம் தோண்டிக் கல் அடுக்கினார்களா என்பது தரைக்கு மேல் எங்கும் எழுதியிருக்காது. விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது, அவர் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வியும்கூட.

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. கிரய ஒப்பந்தம் வழக்கமாக மூன்று மாதத்துக்குப் போடப்படுகிறது. கார்த்திகையில் அட்வான்ஸ் கொடுக்கும்போது மண் ஊறி உப்பி விரிசல் மூடியிருக்கும், தைக்குள் பொங்கலுக்கென்று வெள்ளையும் அடித்துவிடுவார்கள். மாசியில் பத்திரம் முடியும். சித்திரையில் கரிசல் வாய் பிளக்கும்போது வீடு வாங்கியவருடையது. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைக் காரையால் ஒட்டி, பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதி எழுதிவிட்டு வருவது பொறியாளர்களின் பழைய வழி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, கார்த்திகையில் ஒட்டிய அந்தச் சில்லைச் சித்திரை கடைசியில் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்த பிறகே பாக்கித் தொகை என்று எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.